மைக்கக்கா வாய் திறக்காத ஆட்டம்

"மாறுவேஷத்துல வர்றாராம்!" என்று பேருந்து நிலையத்து டிக்கெட் கவுண்டர்காரர் மூச்சு வாங்கச் சொன்னார். அவருக்குச் சொன்னது ஒரு கண்டக்டர். கண்டக்டருக்கு யார் சொன்னது என்று கேட்டால், பின் சீட்டில் யாரோ பேசிக்கொண்டு வந்தார்களாம்.

"இளையோர் கால்பந்து அணிக்கு ஆள் எடுக்கறவரு, மைக்கக்கா! இறுதி ஆட்டத்தன்னிக்கு தொப்பி போட்டுக்கிட்டு கூட்டத்துல நிப்பாராம். புள்ளைங்கள மட்டும் பாக்க மாட்டாராம். எந்த அப்பா அம்மா கத்துறாங்கன்னு பாத்து, அவங்க புள்ள பேர அடிச்சிடுவாராம்."

மைக்கக்கா மைக்கை அணைத்துவிட்டு நிமிர்ந்தாள். அவள் அந்த நிலையத்தின் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது கிளம்பப்போகிறது என்று கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து சொல்வது வேலை. மின்சாரம் போய் மைக் செத்தால் வாசலுக்கு வந்து வெறும் வாயால் கூப்பிடுவாள். நகரத் தொடங்கிய வண்டிகூட நின்றுவிடும். வெல்டரான அவள் கணவர், இரும்பு அலறுகிற பட்டறையில் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே அவளோடு பேசி முடித்துவிடுவார்.

அந்த வாய், மகள் ஆடும்போது சும்மா இருக்குமா? மகள் பள்ளிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். பாய்கிற பாய்ச்சலைப் பார்த்து எல்லாரும் பூனை என்றுதான் கூப்பிடுவார்கள். அரையிறுதியில், நடுவராக வந்த கல்லூரிப் பெண்ணிடம் மைக்கக்கா, "கண்ணாடி நான் வாங்கித் தரவா?" என்று ஒரு போடு போட, அந்தப் பெண் விசிலைக் கழற்றி வைத்துவிட்டு அழுதாள். யாரோ அதைப் படம்பிடித்துப் போட்டார்கள். பள்ளி முழுக்க அதே பேச்சு.

"நான் பெனால்டி தடுத்தத ஒருத்தரும் பாக்கலம்மா. நீ கத்துனதத்தான் எல்லாரும் பாத்தாங்க" என்றாள் பூனை.

இறுதி ஆட்டத்துக்குப் புது விதி வந்தது. பெற்றோர் சத்தம் போட்டால் வெளியே. மைதான வாசலில் ஆளுக்கொரு குச்சி மிட்டாய் கொடுத்தார்கள். வாயில் மிட்டாய் இருந்தால் கத்த முடியாதென்று எந்தப் புண்ணியவானோ கண்டுபிடித்திருந்தார்.

"உனக்கு ஒண்ணு போதாது. என்னுதையும் வச்சுக்க" என்று வெல்டர் தன் மிட்டாயை நீட்டினார்.

"கிண்டலா? அங்க பாருங்க, தொப்பி!"

எதிர்ப்பக்கம் வேலியோரம் ஒரு தொப்பிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மைக்கக்கா இரண்டு மிட்டாயையும் ஒன்றாக வாயில் திணித்துக்கொண்டாள்.

என்ன ஆட்டம் அது! பந்து அந்தப் பக்கம் போன வேகத்தில் இந்தப் பக்கம் வந்தது. பூனை வலப்பக்கம் பாய்ந்தாள், விரல் நுனியால் தட்டினாள்; எழுவதற்குள் இன்னொரு அடி, அதையும் காலால் விரட்டினாள். மைக்கக்கா கணவரின் தோளைப் பிசைந்தாள், குதித்தாள், மூக்கால் கத்தினாள். மிட்டாய் நொறுங்கியது. பூனையின் அணி ஒரு கோல் முன்னால்!

பந்து ஒவ்வொரு முறை விலகிப்போகும்போதும் பூனை இடது கம்பத்தை ஒரு தட்டு, வலது கம்பத்தை ஒரு தட்டு தட்டிவிட்டு நடுவில் நிற்பாள். சின்ன வயசுப் பழக்கம்.

ஆட்டம் முடியப்போகிற நேரம். தாழ்வாக வந்த பந்தைக் கவ்வப் பாய்ந்தவளின் தலையில் எதிரணிப் பெண்ணின் முட்டி இடித்தது. கோச் ஓடிப்போய்த் தண்ணீர் தெளித்தார். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. கொஞ்ச நேரம்தான், சமாளி." பூனை எழுந்து கட்டைவிரலைக் காட்டினாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

பூனை இடது கம்பத்தைத் தட்டினாள். நடுவில் வந்து நின்றாள். திரும்பிப் போய் அதே இடது கம்பத்தைத் தட்டினாள். கையுறையை வெறித்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் அதே கம்பம்.

"என்னங்க, அவ சரியில்ல."

"எந்திரிச்சிட்டாளே. பேசாம இரு, தொப்பி பாக்குறாரு."

மைக்கக்கா தொப்பியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். வாயிலிருந்த குச்சிகளைத் துப்பினாள்.

"கவனிக்கவும்! ஆட்டத்தை உடனே நிறுத்தவும்! கோல்கீப்பருக்குத் தலையில் அடி!"

பதற்றத்தில் வாயில் வந்தது வேலைப் பேச்சுதான். ஆனால் இரண்டு அணிகளும் நின்றுவிட்டன. பந்து மட்டும் தனியாக உருண்டு போனது. சாலையில் ஒரு வண்டிகூட பிரேக் போட்டதாகப் பிறகு வெல்டர் சத்தியம் செய்தார்.

"மானத்த வாங்காதம்மா! தொப்பிய மறந்துட்டியா?" என்று பூனை அழுதாள்.

"தொப்பி கிடக்கட்டும். இதுவரைக்கும் யாரு எத்தனை கோல், சொல்லு?" என்று கேட்டபடியே கோல் கம்பத்தருகே ஓடி வந்தாள் மைக்கக்கா.

"இன்னும்... யாரும் அடிக்கலையே."

கோச்சின் முகம் வெளிறியது. நடுவர், அதே கல்லூரிப் பெண், விதிப்படி மைக்கக்காவை வெளியே அனுப்பினாள். அனுப்பும்போது மைக்கக்காவின் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்தாள். பூனையின் பெரிய கையுறையை மாட்டிக்கொண்டு ஒரு குட்டிப் பெண் கோலில் நின்றாள். கடைசிப் பந்தை முகத்தை மூடிக்கொண்டே வயிற்றால் தடுத்தாள். ஜெயித்துவிட்டார்கள்! அந்தக் கூச்சல் வெளியே ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்த மூவருக்கும் கேட்டது.

"தலைக்குள்ள அதிர்ச்சி. பந்து, டிவி, போன் எதுவும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். ஆறதுக்குள்ள இன்னொரு அடி பட்டிருந்தா நிலைமையே வேற" என்றார் மருத்துவர்.

மாலையில் கோப்பையோடு வீட்டுக்கு வந்த கோச், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அக்கா, அந்தத் தொப்பி புல்லு வெட்ட வந்த ஆளு! நெஜத் தேர்வாளர் என் பக்கத்துலயே நின்னாரு. இவள அவருக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. இன்னிக்கே உங்களுக்குப் போன் பண்றாராம், வர்ற வாரமே முகாம்! நீங்க கத்துனது சும்மா உங்க பதட்டம்னு சொல்லிடுங்க, அக்கா. அடியப் பத்தி மூச்சு விடாதீங்க. அவளுக்கு மாத்தா வேற புள்ளைங்க நிறைய இருக்காங்க."

அவர் போன பிறகு திரை இழுத்த அறையில் பூனை படுத்திருந்தாள். மேஜையில் மைக்கக்காவின் போன் அதிர்ந்தது. புது எண். வெல்டர் துள்ளி எழுந்தார். "அவருதான்! எடு, எடு!"

"அம்மா," பூனை முழங்கையை ஊன்றினாள், "நான் நல்லா இருக்கேன்னு சொல்லும்மா. ப்ளீஸ்மா."

மைக்கக்கா கட்டிலில் உட்கார்ந்து மகளின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். அந்தத் தலையில் எழும்பியிருந்த வீக்கம் உள்ளங்கையில் சுட்டது. மைக்கைப் போடுவதற்கு முன் எப்போதும் செய்வதுபோல் தொண்டையைச் செருமினாள்.

"போச்சு, உள்ளதச் சொல்லிடப் போறே" என்று பூனை மடியில் முகத்தைப் புதைத்தாள். போன் அடித்துக்கொண்டேயிருந்தது.