முழு உடம்பு

அவர் அப்படிச் சொல்லவேயில்லை. நான்தான் சொன்னேன். செத்துப்போன என் புருஷனின் வாயில் ஒரு பொய்யை வைத்தேன்... எல்லோரும் அதை நம்பிவிட்டார்கள்!

நீங்கள் யாரோ, எவரோ. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. சொந்தக்காரர்களிடம் சொல்ல இன்றுவரை துணிச்சல் வரவில்லை.

என் புருஷன் மாரியப்பன் மலேசியாவில், நெகிரி செம்பிலானில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார், பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. வாய் ஓயாத மனிதர். நானும் லேசுப்பட்டவள் இல்லை! "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ரேடியோ வச்சா அது வெக்கப்பட்டு நின்னுடும்" என்பாள் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுகளில் அவருக்கு வயிற்றில் கட்டி வந்தது. புற்றுநோய். அதிலும் யாருக்கும் வராத ஒரு வகை. அதன் பெயர் சரக்கு ரயில் மாதிரி நீளம். எனக்கு எழுத்தே தெரியாது, அந்தப் பெயர் எங்கே வாயில் நுழையும்?

ஆஸ்பத்திரி டாக்டரம்மா சின்ன வயதுக்காரி, நம் தமிழ்ப் பெண். மறைக்காமல் சொன்னாள்.

"ரொம்பக் கொஞ்சப் பேருக்குத்தான் வருதுங்கய்யா. அதனால யாரும் ஆராய்ச்சி பண்றதில்ல. மருந்து செய்றவனுக்கு லாபம் இல்ல."

"அப்ப நோயாளிங்க நாங்களே பண்றோம் லா! ஆளைத் தேடுறது என் வேலை. மருந்தைத் தேடுறது உங்க வேலை."

டாக்டரம்மா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

மோட்டாரில் என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனார். எனக்கோ ஊர் பார்க்கிற சந்தோஷம்! ஒரு தோட்டத்துத் திருவிழாவில் மைக்கைப் பிடுங்கி, "என் வயித்துல இருக்கிற மாதிரி யாருக்காச்சும் இருக்கா?" என்று கேட்டார். கூட்டத்திலிருந்து ஒருவன், "மாரியப்பண்ணே, எத்தன மாசம்?" என்று கத்தினான். ஊரே சிரித்தது. இவரும் சிரித்துவிட்டு மறுபடியும் அதையே கேட்டார்.

அப்படித்தான் கெமாஸில் பொன்னி கிடைத்தாள். தண்டவாள வேலைக்காரர் மகள். செனாவாங் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண். வயிற்றுவலிக்கு மந்திரித்துக்கொண்டிருந்தவளை இவர்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துவந்தார். அதே கட்டி! பிறகு இன்னும் இரண்டு பேர். இவர்களுக்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்கச் சொல்லி, பெரிய டாக்டர் அறை வாசலில் போய் நின்றார். விரட்டினார்கள். மறுபடியும் நின்றார். கடைசியில் ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

ஒருநாள் டாக்டரம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். உயிரோடு இருக்கும்போது ஊசிமுனை அளவுதான் எடுத்துப் பார்க்க முடியுமாம். கட்டி எங்கே தொடங்கியது, எப்படிப் பரவியது என்று தெரிய வேண்டுமானால், செத்தவுடனே உடம்பைத் திறக்க வேண்டுமாம்.

அறையில் அந்த நாலு நோயாளிகளும் இருந்தார்கள். என் புருஷன்தான் பேசினார்.

"யாரு முதல்ல போறாங்களோ அவங்க குடுக்கணும். அதைப் பாத்து மத்தவங்களுக்குத் தைரியம் வரும். சரியா பொன்னி?"

"நீங்க குடுத்தா நானும் குடுக்கிறேன் மாமா" என்றாள் அவள்.

அவர்தான் முதலில் போனார்.

போவதற்கு முந்தின நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அஞ்சல, மறந்துடாத. மூச்சு நின்னதும் டாக்டரம்மாவுக்கு ஆள் அனுப்பு" என்றார். சரி என்றேன். சத்தியமும் செய்தேன். ஆளும் அனுப்பினேன்... அது பொய்யில்லை. ஆனால் ஆஸ்பத்திரி வண்டி லயத்துக்குள் நுழைவதற்குள் என் அண்ணன் வந்துவிட்டான்.

"புருஷன கறிக்கடைக்கா அனுப்பற? வயித்தக் கிழிச்ச பொணத்துக்கு எவன்டி கொள்ளி வெப்பான்? நாங்க யாரும் தொட மாட்டோம்!"

பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை! இருபது வருஷம் என் கையால் சோறு தின்றவர்கள் அவர்கள்.

உடம்பை எடுத்துப்போகலாமா என்று டாக்டரம்மா வாசலில் நின்று மெதுவாகக் கேட்டாள். "என்னால் முடியவில்லை" என்று நான் சொல்லியிருக்கலாம். அது உண்மை. அதைச் சொல்லியிருந்தால் பழி என்னோடு போயிருக்கும். ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"கடைசியில அவரே வேணாம்னுட்டாரு டாக்டரம்மா. பயமா இருக்குன்னாரு."

ஏன் அப்படிச் சொன்னேன்? சத்தியத்தை மீறியவள் என்ற பெயர் எனக்கு வேண்டாம் என்று, அவருக்குக் கோழை என்று பெயர் வாங்கிக் கொடுத்தேன்! டாக்டரம்மா தலையை ஆட்டினாள். அவளுக்குப் பின்னால் பொன்னி நின்றிருந்தாள். அவள் முகம் ஒரு நொடியில் மாறியதை நான் பார்த்தேன்.

உடம்பு முழுசாகப் போனது. என் அண்ணன் என்னைப் பத்தினி என்றான்! அடுத்த மாதம் முதல் அவன் என் வீட்டு வாசல்கூட மிதிக்கவில்லை... அது வேறு கதை, விடுங்கள்.

மற்ற இரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். எவரும் கொடுக்கவில்லை. "ஆரம்பிச்சவரே பின்வாங்கிட்டாரே" என்றார்கள் அவர்கள் வீட்டில். டாக்டரம்மா கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

கடைசியாகப் பொன்னி. ஆஸ்பத்திரியில் எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். டாக்டரம்மா கேட்டபோது நானும் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன்.

"வேணாம் டாக்டர். மாமாவே பயந்துட்டாரு. நான் எம்மாத்திரம்?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "மாமா பயந்தாருன்னு நினைச்சா எனக்கு ஆறுதலா இருக்கு அத்தே. நான் மட்டும் கோழை இல்ல பாருங்க" என்றாள். சிரித்தாள்!

அப்போது சொல்லியிருக்க வேண்டும். "இல்லடி, உன் மாமா பயப்படல" என்ற ஒரே ஒரு வார்த்தை. சாகிறவளின் ஆறுதலைப் பறிக்கக்கூடாது என்று சும்மா இருந்தேனா? அல்லது என் பொய்யைக் காப்பாற்றிக்கொண்டேனா? நல்லவள் வேஷம் போட எனக்குக் காரணமா கிடைக்காது! நீங்களே சொல்லுங்கள்... வேண்டாம், சொல்லாதீர்கள்.

பொன்னியின் அம்மா இப்போதும் தீபாவளிக்கு கெமாஸிலிருந்து முறுக்கு கொண்டுவருவாள். போன தடவை என் புருஷன் படத்துக்கு முன்னால் கும்பிட்டு நின்றாள்.

"அண்ணன் வேணாம்னு சொன்னதாலதான் அண்ணி, என் புள்ளைய முழுசா அனுப்பினேன். அந்த ஒரு நிம்மதிதான் எனக்கு. அவரு தெய்வம்."

"ஆமா தங்கச்சி" என்றேன் நான்.