கால் பங்கு ஆகாயம்

கமலவேணிக்கு எதையும் குறையாக விடத் தெரியாது. சோறு போட்டால் தட்டு தெரியாது, தண்ணீர் மொண்டால் குடம் வழியும். பேச உட்கார்ந்தாளோ, எதிரில் இருப்பவருக்கு ‘உம்’ கொட்டக்கூட இடம் கிடைக்காது. கதிர்காமத்தில் அவள் தெருப் பெண்கள் அவளை ரேடியோ என்றார்கள். ரேடியோவையாவது நிறுத்தலாம் என்றாள் பக்கத்து வீட்டு வசந்தா.

அவள் புருஷன் கோவிந்தராசுவுக்குத் திக்குவாய். பஞ்சாலையில் தறி பழுதுபார்க்கும் ஃபிட்டராக இருந்தவரை அது ஒரு குறையாகவே தெரியவில்லை. தறிகள் போடும் கூச்சலில் யார் பேச்சும் யாருக்கும் கேட்காது. எல்லாரும் கைஜாடையிலும் உதட்டசைவிலுமே காலம் தள்ளினார்கள். பலருக்குக் காது மந்தமாகிப் போன அந்தக் கூடத்தில் அவர் காது மட்டும் எப்படியோ தப்பியது. தூரத்தில் நின்றபடியே எந்தத் தறிக்கு நோவு என்று கண்டுபிடித்துவிடுவார்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆலையில் ஆட்குறைப்பு வந்தது. அவர் பேரும் பட்டியலில் இருந்தது. வெளியில் வேலை தேடினால் வாயைத் திறந்தாக வேண்டும். கமலவேணி விடுவாளா? கூடவே போனாள். சைக்கிள் கடை, அரிசி மில், பிரெஞ்சுக்கார முசியே ஒருவர் வீட்டுத் தோட்டம் என்று மூன்று இடத்திலும் அவர் முதல் எழுத்தில் திணறும்போதே மிச்சத்தை இவள் சொல்லி முடித்தாள். பிரியத்தில்தான் செய்தாள், அதில் சந்தேகமில்லை. மூன்று இடத்திலும் அவளைத் தனியே கூப்பிட்டு, உன் வீட்டுக்காரருக்குப் பேச்சே வராதா என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். கோவிந்தராசு வீட்டிலும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் சக்கரபாணி வைத்தியர் ஒரு சின்ன வைத்தியசாலை வைத்திருந்தார். அங்கே ஜாடி கழுவும் வேலைக்குக் கமலவேணி சேர்ந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை, திராட்சை அரிஷ்டத்தை ஜாடியில் ஊற்றி வாயை மண் பூசிய துணியால் சீலைமண் கட்டி மூடச் சொல்லிவிட்டு வைத்தியர் வெளியே போயிருந்தார். கால் பங்கு காலியாக விடு என்று அவர் சொன்னது காதில் விழத்தான் செய்தது. ஆனால் வெள்ளிக்கிழமையும் அதுவுமாக யாராவது குறைகுடம் வைப்பார்களா? அவள் கழுத்து வரை ஊற்றி மூடினாள்.

நாலாம் நாள் மூடி தெறித்து ஓட்டில் போய் மோதியது. அறை முழுக்க வெல்லப்பாகும் திராட்சையும். காரணத்தைக் கேட்ட வைத்தியர் திட்ட வாயெடுத்தவர், தலையிலடித்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

“அந்தக் கால் பங்கு ஆகாயத்துக்கு விடறதும்மா. அது இருந்தாதான் மருந்து பொங்கி அடங்கும். ஒடம்புலயும் அப்படித்தான். வயிறு, தொண்டை, காது, எல்லாத்துலயும் காலி எடம் வேணும். எடமில்லன்னா சத்தம் எங்கேந்து பொறக்கும்?”

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கமலவேணி சுவரில் ஒட்டிய பாகைச் சுரண்டிக்கொண்டே நின்றாள். சைக்கிள் கடையும் அரிசி மில்லும் முசியே வீடும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. மூன்று இடத்திலும் அவருக்கு ஒரு விரற்கடை இடம்கூட அவள் விட்டுவைக்கவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

அடுத்த மாதமே, ஊறும் ஜாடிகளைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கிரி கடலூருக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். அந்த வேலைக்குத் தன் புருஷனைச் சோதித்துப் பார்க்கும்படி வைத்தியரிடம் கேட்டாள். மறுநாள் காலையில் அவரை அழைத்து வந்தவள், வாசல் குழாயில் ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் பிடித்து வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். கன்னம் இரண்டும் உப்பிக் கிடந்தன. நிரப்பும் புத்தி அதிலும் போகவில்லை.

வைத்தியர் ஐந்து ஜாடிகளைக் காட்டினார். எல்லாம் ஒரு மாதம் ஆனவை. எது அடங்கியிருக்கிறது, எது அடங்கவில்லை என்று கேட்டார். கோவிந்தராசு வழக்கம்போல் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். இந்த வேலையும் போனால் இந்த மனுஷன் இனி வாயே திறக்க மாட்டார் என்று தெரிந்தும் அவள் நிமிரவில்லை.

அவர் ஒவ்வொரு ஜாடியாகக் காது வைத்துக் கேட்டார். பிறகு நிமிர்ந்தார்.

“மூ... மூ...”

வாயில் இருந்த தண்ணீரை அவள் தன்னையறியாமல் விழுங்கிவிட்டாள். வாயும் திறந்துகொண்டது. முந்தானையை எடுத்துப் பொத்திக்கொண்டாள். வைத்தியர் அவசரப்படவில்லை.

“மூ... மூணாவது ஜாடி... இன்னும் பே... பேசிக்கிட்டிருக்கு.”

வைத்தியர் மூன்றாவது ஜாடியைத் திறந்து தீக்குச்சியைக் கிழித்து வாயருகே பிடித்தார். அணைந்தது. இன்னும் பொங்குகிறது என்று அர்த்தம். மற்ற நான்கிலும் குச்சி நின்று எரிந்தது. நாளைக்கே வந்துவிடச் சொன்னார்.

வேலை கிடைத்த சந்தோஷத்தில் இருவரும் பெரிய மார்க்கெட்டுக்குள் நுழைந்தார்கள். கல்யாணமான பன்னிரண்டு வருஷமும் வாங்கிய மாதிரியே கமலவேணி கத்திரிக்காயைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள். அவருக்கு அதென்றால் உயிர் என்று ஊருக்கே சொல்லி வைத்திருந்தாள்.

கோவிந்தராசு அவள் கையைப் பிடித்தார். “எ... எனக்கு க... கத்திரிக்கா பு... பு...”

‘புடிக்கும்’ என்பது அவள் நாக்கு நுனி வரை வந்தது. கடித்துக்கொண்டாள்.

“...புடிக்காது.”

பன்னிரண்டு வருஷக் கத்திரிக்காயும் அவள் கண் முன்னால் வந்தது. அத்தனையையும் சத்தமில்லாமல் தின்ற மனுஷனைப் பார்க்கச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. கூடையிலிருந்த கத்திரிக்காயை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பக் குவியலில் வைத்தாள். பின்னே என்னதான் பிடிக்கும் என்று கேட்டாள்.

அவர் உதடு அசைய ஆரம்பித்தது. காய்க்காரி சின்னப்பொண்ணுவுக்குப் பொறுமை இல்லை. வெண்டைக்காயா, அவரைக்காயா என்று அடுக்கத் தொடங்கினாள்.

கமலவேணி கையை உயர்த்தி அவளை நிறுத்தினாள்.

“இரும்மா. அவரு சொல்லுவாரு.”