யானை நின்று கேட்ட சிம்பொனி

போன வாரம் மகள் போனில் ஒரு பழைய சிம்பொனியைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். "அப்பா, நீ சொல்லிட்டே இருப்பியே, இதானே அது?" வயலின்களின் முதல் இழுப்பிலேயே தெரிந்துவிட்டது. அதேதான். ஆனால் கரகரப்பு கொஞ்சமும் இல்லை. குளிப்பாட்டிப் பவுடர் போட்ட பிள்ளை மாதிரி இருந்தது. எனக்கோ மூக்கில் மெஷின் ஆயில் வாசனை ஏறியது. சிரிக்காதீர்கள், எனக்கு சங்கீதம் அந்த வாசனையோடுதான் வந்தது.

காவேரிப்பட்டினத்திலிருந்து ஓசூரில் ஒரு மெஷின் பாகக் கம்பெனிக்கு வேலைக்கு வந்த புதிது. ராஜப்பா அண்ணன் அங்கே பாகங்களை அளந்து பார்க்கும் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தார். எங்களிடம் தமிழ், சூப்பர்வைசரிடம் கன்னடம், வீட்டில் சரோஜா அண்ணியிடம் தெலுங்கு. பெங்களூர் பழைய சாமான் கடையில் வாங்கிய இந்தச் சிம்பொனியின் இசைத்தட்டு ஒன்று வைத்திருந்தார். "கேளு தம்பி, இத்தன பேரு வாசிக்கறாங்க, ஒரு மைக்ரான் வெலகுதா பாரு" என்பார். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்; எனக்கு அப்போது அதுவும் புரியாது, சிம்பொனியும் புரியாது. ஆனால் மெதுவாகப் போகும் இரண்டாம் பகுதியில் வயலின்கள் தணிந்து தணிந்து, சட்டென்று ஒன்றுமே இல்லாத ஒரு நிறுத்தம் வரும். அப்புறம் அடியிலிருந்து முரசு எழும்பும். அந்த இடத்துக்காகவே மறுபடி போடச் சொல்வேன்.

எனக்கும் ஒரு காப்பி வேண்டுமென்று நச்சரித்தேன். ஒயர் போட்டு இணைக்க இருவருக்கும் தெரியாது. ஸ்பீக்கர் முன்னால் முக்காலி போட்டு, அதில் என் டேப்ரிக்கார்டரை வைத்து, ஃபேனை நிறுத்தி, குக்கரை இறக்கி, மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் வீடு சானமாவுக் காட்டை ஒட்டி. பின்னால் ராகிக் கொல்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சரியாக அந்த நிறுத்தத்தில், ஜன்னலோரம் இருந்த அண்ணி கிசுகிசுத்தார்: "ஏனுகு ஒச்சிந்தி." யானை வந்திருக்கிறது. அண்ணன் அதைவிட மெல்ல, "உண்டு, அயிபோனி" என்றார். இரு, முடியட்டும் என்று. அடப்பாவி மனுஷா! சுவருக்கு அந்தப் பக்கம் புஸ்ஸென்று மூச்சு. யானை ஒரு கதிரைக்கூடத் தொடவில்லை. தட்டு முடிகிறவரை நின்றுவிட்டுப் போனது.

அந்த வருஷமே அண்ணி காய்ச்சலில் போய்விட்டார். அவர் குரல் இருந்தது என் டேப்பில் மட்டும்தான். ஷிஃப்ட் முடிந்ததும் அண்ணன் நேராக என் ரூமுக்கு வருவார். "தம்பி, அந்த எடத்த மட்டும் போடேன்." போடுவேன். ரீவைண்ட் பண்ணி மறுபடி போடுவேன். கேட்டுக் கேட்டே அந்த இடம் தேய்ந்தது. குரல் மங்க மங்க, யானையின் மூச்சு மட்டும் கிட்டே வருவதுபோல் இருக்கும். நான் கதவைப் பார்த்துக்கொள்வேன். ஒருநாள் டேப் அங்கேயே அறுந்தது.

நேற்று அண்ணன் வீட்டுக்குப் போனேன். நல்ல சுத்தமான ரெக்கார்டிங் என்று பெருமையாகச் சொல்லிப் போனில் போட்டேன். வயலின்கள் தணிந்தன. நிறுத்தம் வந்தது. அதில் ஒன்றுமே இல்லை. தெரிந்த விஷயம்தான், ஆனாலும் இதை ஏன் கொண்டுவந்தோம் என்று ஆகிவிட்டது.

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி, மெல்ல, "உண்டு, அயிபோனி" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே இப்போது கொல்லை இல்லை, கம்பெனிக் காம்பவுண்டுச் சுவர். அந்தப் பக்கம் யானை வந்து பல வருஷமாயிற்று. ஆனாலும் பாட்டு முடிகிறவரை நாங்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை.