ஈர நெல்லுக்குள் என் போன்

அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் என் முறை பறிபோனதற்குக் காரணம் என் நாத்தனாரின் வீட்டுக்காரர். மழை அல்ல, எழுத்தர் அல்ல, என் போனும் அல்ல. அவர்தான்.

குறுவை அறுப்பு சமயம் அது. பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். அறுப்பு மெஷினுக்குச் சொல்லி வைப்பதிலிருந்து நெல்லை மூட்டை பிடிப்பது வரை எல்லாம் நான்தான். நெல்லை நிலையத்துக் களத்தில் கொட்டிவிட்டு ஆறு நாள் காத்துக் கிடந்தேன். ஆறாம் நாள் எழுத்தர் ஒரு பிடி நெல்லை அள்ளிக் கருவியில் போட்டுப் பார்த்தார்.

"ஈரம் கூட இருக்கும்மா. நாளைக்குக் காலையில நல்லா கிளறிக் காய வைங்க. மதியம் உங்க முறை."

முறை வந்தால் நம் போனுக்கு ஓடிபி வரும். அதைப் படித்துச் சொன்னால்தான் மூட்டை தராசில் ஏறும். ஆகவே மறுநாள் எனக்கு இரண்டு வேண்டும். ஒன்று வெயில், இன்னொன்று போன்.

வெயில் வந்தது. போனில்தான் சார்ஜ் ஏறவில்லை. சார்ஜரை மாற்றினேன். பிளக்கை மாற்றினேன். அணைத்துப் போட்டேன். பக்கத்து வீட்டு ஒயரையும் வாங்கிச் செருகினேன். ஒயரை ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தால் ஏறும், விட்டால் நின்றுவிடும். ஒன்பது சதவீதம்தான் இருந்தது. அப்படியே களத்துக்குப் போனேன். அங்கே நாத்தனாரின் வீட்டுக்காரர் நின்றார்.

இவர் துபாயில் பத்து வருஷம் ஏசி மெக்கானிக். ஏசி தண்ணீர் சொட்டுவதும் போனில் சார்ஜ் ஏறாததும் அவருக்கு ஒரே வியாதி. போனை வாங்கித் தேங்காய் மாதிரி காதோரம் வைத்துக் குலுக்கினார்.

"உள்ள ஈரம் இறங்கியிருக்கு. நேத்து தூறல்ல நனைஞ்சியாம்மா?"

"நான் நனைஞ்சேன். போன் நனையலண்ணே."

"உனக்குத் தெரியாது. அரிசியில போட்டா ஈரத்தை இழுத்துரும்னு எல்லாரும் சொல்றாங்கல்ல? நெல்லுக்கு அதைவிட இழுப்பு ஜாஸ்தி."

நான் சாக்கு வாங்கப் போனேன். போனை அவர் கையில் விட்டுவிட்டுப் போனது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். திரும்பி வந்தால் அவர் கையில் போன் இல்லை.

"போன் எங்கண்ணே?"

மோவாயால் என் நெல் குவியலைக் காட்டினார்.

"ஈரம்னு திருப்பி விட்ட நெல்லு அது!"

"அது நெல்லோட ஈரம்மா. இது போனோட ஈரம். ரெண்டும் வேற."

அதற்குள் நான் கூலிக்கு வைத்திருந்த இரண்டு பெண்கள் குவியலைக் களம் முழுக்க இழுத்துக் கிளறி விட்டிருந்தார்கள். "அடையாளத்துக்கு வேப்பங்குச்சி நட்டு வெச்சேனே!" என்று இவர் அலறினார். அந்தப் பெண்களில் மூத்தவள் வாயிலிருந்து குச்சியை எடுத்துக் காட்டினாள். "இதுவாண்ணே? பல்லு விளக்கலாம்னு எடுத்தேன்."

என் நம்பருக்கு அடித்துப் பார்த்தோம். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

"காலடியில கெடக்குது, எல்லைக்கு வெளியயாம்!" என்று லோடு ஏற்றுகிறவர்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே நெல்லில் இறங்கிக் காலால் துழாவவும் செய்தார்கள். அதற்கு நன்றி.

எழுத்தர் என் பெயரைக் கூப்பிட்டார். கருவியில் பார்த்தார், ஈரம் சரியாக இருந்தது. "ஓடிபி சொல்லுங்கம்மா."

"சிம்மைக் கழட்டி என் போன்ல போடுங்கக்கா" என்றாள் இளையவள்.

"சிம்மும் நெல்லுக்குள்ளதான்டி கெடக்கு!"

எழுத்தர் பத்து நிமிஷம் பொறுத்தார். மேற்கே வானம் கறுத்தது. அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது, பின்னால் பதினைந்து பேர் நிற்கிறார்கள். அந்த ஆளின் மூட்டைகள் தராசில் ஏறிக்கொண்டிருந்தபோது மூத்தவளின் காலில் என் போன் தட்டுப்பட்டது.

தாலிச் சரட்டில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, போனை அணைத்துவிட்டு, சார்ஜர் செருகும் ஓட்டைக்குள் மெல்லக் கிளறினேன். பொட்டலம் கட்டலாம் போல நெல் தூசி வந்தது. அறுப்பு மெஷினுக்குப் பின்னாலேயே இரண்டு நாள் நடந்தேன் அல்லவா, அந்தத் தூசி. கூடவே இவர் புதைத்தபோது உள்ளே போன புது நெல் சுணையும் வந்தது. எழுத்தர் மேசையில் ஒயரைச் செருகினேன். ஏறியது. கோளாறு அவ்வளவுதான்.

பத்து சதவீதம் ஏறுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பாதி நெல்லைத்தான் தார்ப்பாயால் மூட முடிந்தது. மறுபடி நனைந்து, மறுபடி காய்ந்து, மறுபடி முறை வர நாலு நாள் ஆயிற்று.

இதைக்கூட விட்டிருப்பேன். போன வாரம் டீக்கடையில் இவர், "என் தங்கச்சி போன் செத்தே போச்சு, நெல்லுல போட்டு நான்தான் பொழைக்க வெச்சேன்" என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு இரண்டு பேர் போனை நெல் மூட்டைக்குள் செருகியிருக்கிறார்கள். "அவரு இல்லன்னா உன் போன் குப்பைக்குத்தான் போயிருக்கும்" என்று நாத்தனார் என்னிடமே சொல்கிறாள்.

அண்ணே, ஞாயிற்றுக்கிழமை கோயில் திருவிழாக் கூட்டத்தில் எப்படியும் மைக்கைப் பிடிப்பீர்கள். நானும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். வேறு எதையும் பேசுவதற்கு முன்னால், ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லுங்கள். அன்றைக்கு என் முறை போனது யாரால்?