பொத்தான் வெட்டிய மூச்சு

இது நடந்தது. கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். பட்டப்பகலில், டயர் கடை மாடியில் இருக்கும் ஒலிப்பதிவுக் கூடத்தில், என் மனைவிக்கும் அவள் தம்பிக்கும் நடந்தது. நான் அப்போது அங்கே இல்லை. மச்சான் சொன்னதைத்தான் சொல்கிறேன். அவனுக்குப் பொய் சொல்ல வந்திருந்தால் எப்போதோ முன்னேறியிருப்பான்.

அக்காவும் தம்பியும் சேர்ந்து கச்சேரி செய்கிறார்கள். அவள் பழைய நாட்டுப்புற மெட்டுகளை வயலினில் வாசிப்பாள். அவன் அதற்கு அடியில் கணினியில் தாளம் போடுவான். எந்நேரமும் எதையாவது அழுத்திக்கொண்டே இருப்பதால் அவனுக்குப் 'பொத்தான்' என்று அவள்தான் பெயர் வைத்தாள்.

அந்த வாரம் ஒரு பழைய ஒலிப்பதிவு கிடைத்தது. எப்போதோ இறந்துபோன வயலின்காரர் ஒருவர் தனியாக வாசித்தது. ஒலிநாடாக் காப்பகத்துக்காரர் பிரதி எடுத்து அனுப்பியிருந்தார். வாசிப்பு தேனாக இருந்தது. ஆனால் வரிக்கு வரி யாரோ மூச்சு வாங்கும் சத்தம். கிழவருக்கு இளைப்பு போலிருக்கிறது என்று பொத்தான் நினைத்தான். முதலில் வந்த ஒன்றிரண்டைக் காதால் கேட்டான். மற்றவையும் திரையில் அதே வடிவமாகத் தெரிந்ததால், கேட்காமலே கண்ணால் பார்த்து வெட்டித் தள்ளினான். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற சோம்பேறித்தனம்தான். வெட்டிய துண்டுகள் கணினியில் ஒரு மூலையில் கிடந்தன.

பிற்பகல் மூன்று மணி. அக்கா கண்ணாடி அறைக்குள் போய், ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கிழவரோடு சேர்ந்து வாசிக்கத் தொடங்கினாள். பொத்தான் வெளியே கணினி முன்னால். வழக்கமாக அவள் மூச்சும் மைக்கில் விழும். அதைச் சுத்தம் செய்வது அவனுக்குப் பெரிய தலைவலி. அன்று ஒன்றுகூட விழவில்லை. அப்பாடா, வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டான்.

பிறகுதான் பார்த்தான். அவள் தோள் ஏறவில்லை. இறங்கவுமில்லை.

வாய் திறந்திருந்தது. உதடு நீலம். கண் அவனையே பார்த்தது. வில் மட்டும் நிற்கவில்லை...

நிறுத்தும் பொத்தானை அழுத்தினான். திரையில் கோடு நின்றது. கிழவர் நிற்கவில்லை. ஹெட்போன் ஒயரைப் பிடுங்கினான். அப்போதும்...

உள்ளே ஓடி அவள் கையைப் பிடித்தான். ஆறடி ஆள். அந்தக் கையை இம்மியும் அசைக்க முடியவில்லை. ஹெட்போனைக் கழற்றி எறிந்தான். தரையில் கிடந்தபடி அது வாசித்தது. மூச்சு விடு என்று கெஞ்சினான். அவளால் முடிந்தால் விட்டிருக்க மாட்டாளா?

வேறெதுவும் தோன்றாமல் கணினிக்கு ஓடி, வெட்டிய துண்டுகளில் முதலாவதை ஒலிபெருக்கியில் போட்டான்.

ஹ்ஹா...

உள்ளே அக்காவின் நெஞ்சு ஏறியது.

அடுத்தது. ஏறியது. அடுத்தது...

கடைசிக்கு முந்தைய துண்டில் வில் நழுவியது. எல்லாம் அடங்கியது. சரிந்து விழுந்தவள் தானாக மூச்சு வாங்கினாள்.

"என்னடா வெட்டின?" என்றாள்.

மறுநாள் காப்பகத்துக்காரரைக் கேட்டான்.

"மூச்சா? அதுல மூச்சுச் சத்தமே கிடையாது தம்பி. வயலின் மட்டும்தான்."

வேறு பிரதியும் அனுப்பினார். கேட்டோம். இல்லை.

அப்படியானால் அவன் வெட்டியது யாருடைய மூச்சு? வெட்டிய துண்டுகளை மச்சான் போட்டுக் காட்டியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷமாக அந்த மூச்சுக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவன் நான்.

அன்றைக்குப் போடாமல் விட்ட கடைசித் துண்டு ஒன்று மிச்சமிருந்தது. அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, நானும் மச்சானும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டோம்.

நீளமாக ஒரு மூச்சு வெளியே போகிறது... உள்ளே இழுக்கும் சத்தம் வரவில்லை.

அதற்குப் பிறகு, "அக்கா... அக்கா..." என்று பொத்தானின் குரல்.

கூடவே ஒரு ஆள் அழுகிறான்.

அது நான்தான். இப்போது பேசுகிற இதே குரல்தான். அதற்கு ஒரு வயதுகூடக் கூடியிருக்கவில்லை.