ஊதா மீசை

துருக்கியின் அதானா நகரில் ஷல்கம் விற்ற நெஜாத்தி, கருப்புக் கேரட்டைப் புளிக்கவைத்த அந்தச் சாற்றை விற்றதைவிடக் குடித்ததே அதிகம். மீசை ஊதா, தலையணை உறையும் ஊதா. மனைவி மெலாஹத் திட்டிக்கொண்டே துவைப்பாள்.

குடல் சோதனைக்கு முன் நிறமுள்ள எதையும் குடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"தண்ணிதான் குடிச்சேன்" என்றார் நெஜாத்தி, சோதனை அன்று டாக்டரிடம்.

"மீசையே காட்டிக்கொடுக்குதே, மனுஷா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் மெலாஹத்.

"இந்த நிறம் குடல் கேன்சரைத் தடுக்குமாமே டாக்டர்? எதிர்ப்புச் சக்தியும் வருமாமே?" என்று சமாளித்தார் நெஜாத்தி.

"இருக்கலாம், இன்னும் உறுதியா தெரியல. ஆனா நான் குடலைப் பார்க்கிறதா, சாயத்தைப் பார்க்கிறதா? அடுத்த வாரம் வாங்க."

அடுத்த வாரம் பார்த்ததில் குடல் சுத்தமாக இருந்தது. பல வருடம் கழித்து அவரைக் கொண்டுபோனது மாரடைப்பு.

இப்போது தலையணை உறை வெள்ளை வெளேரென்று இருக்கிறது. துவைக்க எடுக்கும்போதெல்லாம் மெலாஹத்துக்கு ஆத்திரமாக வருகிறது.