பாரத்துக்குப் போட்ட பட்டை

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஆனாலும் போர்ட் பிளேயரில் சொந்த லாரி ஓட்டினேன். காட்டு முகாமுக்குக் கூடாரம், இரும்புக் கட்டில், அரிசி மூட்டை என்று எவ்வளவு ஏற்றினாலும் வண்டி குனியக் கூடாது என்று, பின் ஸ்பிரிங்கில் நானே கூடுதல் இரும்புப் பட்டைகள் போட்டேன். மற்ற டிரைவர்கள் வந்து பார்த்து வாயைப் பிளந்தார்கள்.

ஒரு மழைக்காலத்தில் முகாமுக்குச் சாமானோடு போய்ச் சேர்ந்தபோது, சமையல்காரர் முருகையாவின் மனைவிக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. ஏழு மாதக் கர்ப்பிணி.

"சாமான் வண்டியிலேயே கிடக்கட்டும்ணே, ஜல்தி எடுங்க" என்று கெஞ்சினார்.

"இருய்யா. பாரத்தோட போனா ஊர்ந்துதான் போகும். காலி வண்டின்னா பறக்கும்" என்று எல்லாவற்றையும் இறக்க வைத்து, இருவரையும் பின்னால் ஏற்றினேன்.

பறந்தது. பாரத்துக்குப் போட்ட பட்டை காலி வண்டியில் வளையவே இல்லை. பள்ளத்துக்குப் பள்ளம் தூக்கித் தூக்கிப் போட்டது. அவள் அலறுவது கேட்டும், வேகம்தான் காப்பாற்றும் என்று மிதித்தேன். வழியில் சிப்பிகாட் ஊரைத் தாண்டியதும் அலறல் நின்றது.

ஆஸ்பத்திரியில் அவள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

முருகையா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பறந்து வந்ததாலதான் இவளாவது கிடைச்சாண்ணே" என்றார்.

சாமானை இறக்காமல் வந்திருந்தால் வண்டி இவ்வளவு குலுங்கியிருக்காது. அதைச் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. இன்றும் அவர் வீட்டு விசேஷத்துக்கு முதல் அழைப்பு எனக்குத்தான். போய் உட்காருகிறேன். அந்த அம்மாவே வந்து பரிமாறுகிறாள்.